பொம்மை ஓடவில்லை என்று யாரிடம் சொல்வது?

ஒரு வாசகர், 9 ஜூன் 2025

பழைய பொம்மைதான் உசத்தி என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். அந்தக் காலத்தில் திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை வீடு வந்து சேரும் முன்னே உடைந்தால் யாரிடம் போய்க் கேட்டீர்கள்? இப்போதாவது புகார் எண் இருக்கிறது, பணம் திரும்பி வருகிறது. நாம் ஏங்குவது பொம்மைக்கா, நம் சின்ன வயசுக்கா?

9 ஜூன், இரவு 10.40

சரியான நாளில் கேட்டீர்கள். இன்று மாலை நாற்பது நிமிடம் போனைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு இணையக் கடை ஒன்றில் ரயில் பொம்மை வாங்கினேன். 1,849 ரூபாய். ஒரு என்ஜின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம். பூட்டினோம், பொத்தானை அழுத்தினோம். விளக்கு எரிகிறது, கூவுகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இருந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டும் பார்த்தேன். அப்போதும் கூவியது, நகரவில்லை.

போன் செய்தால் முதலில் பதிவு செய்த குரல்: ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து. அப்புறம் பாட்டு. அப்புறம் ஒரு பெண். "பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா சார்?" பிறந்தநாள் பொட்டலத்தைப் பிள்ளை பிரிக்கும்போது நான் அவள் முகத்தைத்தான் படம் எடுத்தேன். அதில் என்ஜின் இல்லை. சொன்னேன். "வீடியோ இல்லாம பதிவு செய்ய முடியாது சார், சிரமத்துக்கு வருந்துறோம்." இதே பதிலை ஆறு தடவை கேட்டேன்.

பணம் திரும்பி வருவது இருக்கட்டும். ஏன் ஓடவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

10 ஜூன்

கடையின் பெயரைக் கேட்கிறவர்களுக்கு: இங்கே எழுத மாட்டேன். புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

11 ஜூன்

நேற்று வேலைக்கு நடுவிலும் அந்தக் கேள்விதான் மனசில் ஓடியது. யாரிடம் போய்க் கேட்டோம்?

எனக்கு ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். நினைவில் இருக்கிற முதல் பொம்மை நடைவண்டி. எங்கள் தெரு ஆசாரி செய்தது. மூன்று சக்கரம், மேலே பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. நான் நடக்கப் பழகினதும் தம்பிக்குப் போனது. அவன் நடக்கிறதை விட்டுவிட்டு அதில் ஏறி நிற்கத் தொடங்கினான், முன்சக்கரத்துக் கடையாணி ஒடிந்துவிட்டது. அம்மா என்னைத்தான் அனுப்பினாள். வண்டியைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு போனேன்.

ஆசாரி வாங்கித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றிக் காதருகில் வைத்துக் கேட்டார். "ஏலே, இதுல ஏறி நின்னது யாரு?" என்று அதட்டினார். நான் தம்பியைக் காட்டிக் கொடுத்தேன். ஆணியை மாற்றி, அடியில் கூடுதலாக ஒரு சட்டம் வைத்து அடித்தார். "இனி ஏறினாலும் தாங்கும்" என்றார். காசு கேட்டாரா என்று நினைவில்லை. அம்மா அரிசியோ எதுவோ கொடுத்திருப்பாள்.

அங்கே யாரும் வருந்தவில்லை, திட்டுதான் விழுந்தது. ஆனால் அவர் வண்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். குறை எங்கே என்று கண்டுபிடித்தார், திரும்ப வராத மாதிரி சரிசெய்தார். மூன்று நாளாக நான் கேட்டுக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

12 ஜூன்

ஆனால் வாசகர் கேட்டது திருவிழாக் கடையைப் பற்றி, நான் ஆசாரியைப் பற்றி எழுதிவிட்டேன். திருவிழாக் கடையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போவோம். ஒரு வருடம் அப்பா தகரப் படகு வாங்கித் தந்தார். பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே ஒரு சின்ன விளக்கு, ஏற்றி வைத்தால் டப் டப் என்று சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீரில் தானே போகும். வீட்டுக்கு வந்து அண்டாவில் விட்டால் அடிப்பக்கம் ஒழுகியது. கடைக்காரர் அதற்குள் எந்த ஊருக்குப் போனாரோ. நான் அழுதேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருகிற வரைக்கும் அப்பா படகைப் பரண்மேல் வைத்திருந்தார். அவர் ஒரு சொட்டு ஈயம் வைத்து அடைத்தார். அதன் பிறகு இரண்டு மூன்று வருடம் ஓடியது.

விற்றவர் பொறுப்பேற்கவில்லை, ஊரில் இருந்தவர்தான் காப்பாற்றினார். இந்த வித்தியாசத்தை நான் சேர்த்துக் குழப்பியிருக்கக் கூடாது.

12 ஜூன், இரவு

படகு எப்படி ஓடுகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சந்தோஷமாகச் சொல்கிறேன், பத்து வயதில் இதற்காக அப்பாவை நச்சரித்திருக்கிறேன்.

உள்ளே தட்டையான ஒரு சின்னக் கொதிகலன். அதிலிருந்து இரண்டு குழாய் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் போகும். குழாய் வழியாக முதலில் தண்ணீர் நிரப்ப வேண்டும், நிரப்பாமல் விளக்கேற்றினால் தகரம்தான் சூடாகும். நிரப்பி ஏற்றினால் உள்ளே ஆவி பொங்கிக் குழாயில் இருக்கிற தண்ணீரைப் பின்னால் தள்ளும். ஆவி குழாய்ப் பக்கம் போய்க் குளிர்ந்து சுருங்கும், தண்ணீர் மறுபடி உள்ளே ஏறும். தள்ளும்போது தண்ணீர் ஒரே நேராகப் பீய்ச்சும். இழுக்கும்போது நாலாபக்கமிருந்தும் வரும். அதனால் படகு பின்னால் வராமல் முன்னே போகிறது. கொதிகலனின் மேல்தகடு உப்பி உள்வாங்குகிற சத்தம்தான் டப் டப்.

தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் இப்படியொரு படகுக்கு 1891இல் இங்கிலாந்தில் காப்புரிமை கேட்டிருக்கிறார். பல்சக்கரம் கிடையாது, மோட்டார் கிடையாது. ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று பத்து வயதுப் பையனும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

15 ஜூன்

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

அன்று போனில் அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டேன். "உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஓடாத பொம்மை வந்தா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். ஒரு நொடி மௌனம். அப்புறம் அதே வாக்கியம், அதே குரல்.

சென்னையில் வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் நான்கு வருடம் வேலை பார்த்த என் அக்கா மகள் நேற்று வீட்டுக்கு வந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, எங்களுக்குப் பொம்மையே தெரியாது. திரையில ஒரு ஆர்டர் நம்பர், கீழே நாலு பொத்தான். அந்த நாலுக்கு வெளிய எதுவும் செய்ய எங்களுக்கு உரிமை கிடையாது. ஒரு அழைப்பு இத்தனை நிமிஷத்துல முடியணும், முடியலன்னா மதிப்பெண் குறையும். எங்க குரலைப் பதிவு பண்ணி ஒருத்தர் உக்காந்து கேப்பாரு. எழுதிக் கொடுத்த வாக்கியத்தைச் சொல்லலன்னாலும் குறையும். நீங்க கத்தினா நாங்க அழுதுட்டு அடுத்த அழைப்பை எடுக்கணும், நடுவுல நிமிஷம் கிடையாது."

ஆசாரியிடம் வண்டி இருந்தது, உளி இருந்தது, முடிவெடுக்கிற உரிமையும் இருந்தது. அந்தப் பெண்ணிடம் இதில் ஒன்றுகூடக் கொடுக்காமல் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் கத்தியது தவறு. கோபம் நியாயமானது, ஆனால் போக வேண்டிய இடம் அது இல்லை.

16 ஜூன்

போக வேண்டிய இடம் எது என்று இன்று உட்கார்ந்து தேடினேன். உங்களில் பாதிப் பேருக்காவது பயன்படும், அதனால் முழுவதும் எழுதுகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986இல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் வருடச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதோடு இணைய வணிகத்துக்கென்று தனி விதிகளும் 2020இல் வந்தன. அதன்படி ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் வாங்கிய கடையின் தளத்தில் அந்தப் பெயர் பக்கத்தின் கடைசியில், பொடி எழுத்தில், "கொள்கைகள்" என்பதைத் தட்டினால் வருகிறது. சேவை எண்ணில் பேசிய யாரும் அதைச் சொல்லவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகிறார்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே நடத்தலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இணையம் வழியாகவும் போடலாம், 2025 ஜனவரியிலிருந்து அதற்கென்று அரசின் இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது.

பில், பேசிய நாள், நேரம், பேசியதின் சுருக்கம், புகார் எண். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் ஒன்பதாம் தேதி எழுதி வைக்கவில்லை, இன்று போன் பதிவைப் பார்த்து ஊகித்து எழுத வேண்டியதாயிற்று.

17 ஜூன்

1915இல் சொல்லியாயிற்று. குறைதீர் அலுவலருக்கும் மின்னஞ்சல் போட்டாயிற்று. 1915இல் பேசியவர் "பொம்மைக்கு என்ன கோளாறு?" என்று கேட்டார். எட்டு நாளில் முதல் ஆள்.

20 ஜூன்

ரயிலில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவருக்கு: இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற பொம்மைக்கு அது கட்டாயம். கூர்மை, சின்னச் சின்னப் பாகங்கள், சாயத்தில் உள்ள நச்சு, மின்சாரப் பாதுகாப்பு இவற்றைத்தான் அதில் சோதிக்கிறார்கள். பொம்மை ஓடுமா என்பது வேறு விஷயம்.

இன்னொருவர், அப்படியென்றால் மரச்சொப்பு விற்பது சட்டவிரோதமா என்று கவலைப்படுகிறார். இல்லை. கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, கர்நாடகத்துச் சென்னபட்டணம் மரப் பொம்மை இரண்டும் அந்தக் குறியீடு பெற்றவை.

22 ஜூன்

சொப்பு என்றதும் நேற்று முழுக்க அதிலேயே போய்விட்டது. எங்கள் பக்கத்துச் சொப்பு கடைசல் பிடித்துச் செய்வது. கடைசல் மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். அப்புறம் ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். அடுப்பு, குடம், ஆட்டுக்கல், அம்மி, இட்லிச் சட்டி, எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில். அக்கா வைத்திருந்த செட்டில் திருகையின் மேல்கல் நிஜமாகவே சுற்றும். அதில் அரிசிக்குப் பதில் மணலை அரைப்போம்.

சென்னபட்டணத்திலும் இதே முறைதான், தேக்கில் கடைவார்கள்.

23 ஜூன்

நேற்று எழுதியதில் பிழை. சென்னபட்டணத்தில் பழங்காலத்திலிருந்து பயன்படுத்துவது வெட்பாலை மரம், கன்னடத்தில் ஆலே மரம் என்பார்கள். வெள்ளையாக, இழை தெரியாமல் மென்மையாக இருக்கும், கடைவதற்குச் சுகம். தேக்கு என்று சொன்னது என் ஊகம். திருத்தியவருக்கு நன்றி.

இன்னொரு திருத்தம், இது நானே செய்வது. பழைய பொம்மை எல்லாமே நல்லது என்கிற தொனி என் குறிப்புகளில் வந்துவிட்டது. அந்தத் தகரப் படகின் விளிம்பு என் தங்கையின் கட்டைவிரலைக் கிழித்திருக்கிறது, தழும்பு இன்றும் இருக்கிறது. திருவிழாக் கடையில் வாங்கிய ஊதல்களின் சிவப்புச் சாயம் உதட்டில் ஒட்டும். அதில் நச்சான காரீயம் இருந்ததா என்று அன்று யாரும் சோதிக்கவில்லை. இன்று என் மகள் வாயில் அதை வைத்தால் பிடுங்கிவிடுவேன். ஐஎஸ்ஐ முத்திரை வந்தது நல்ல காரியம், சந்தேகமே இல்லை.

24 ஜூன்

ஏக்கம் சின்ன வயசுக்கா என்று கேட்டீர்களே, அதற்கு இன்று ஒரு பதில் கிடைத்தது. அம்மா ஊரிலிருந்து அந்தச் சொப்புப் பெட்டியை அனுப்பியிருக்கிறாள். என் மகளுக்கு 1980கள் மேல் ஏக்கம் எப்படி இருக்கும்? இரண்டு மணி நேரம் அந்தத் திருகையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். ரவை கேட்டாள், கொடுத்தேன். வீடு முழுக்க ரவை.

குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தச்சன் செய்த சின்ன வண்டி ஒன்று வருகிறது. பிள்ளைகளால் அதில் ஏறி ஓட்ட முடியாது, ஆனாலும் கையால் இழுத்துக்கொண்டே போய் மகிழ்வார்கள் என்கிறது பாட்டு. அந்தத் தச்சனின் வண்டி தானாக ஒன்றும் செய்யாது, பிள்ளைதான் எல்லாம் செய்ய வேண்டும். என் ரயில் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டியது. அது செய்யாவிட்டால் பிள்ளைக்கு வேலையே இல்லை, பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

27 ஜூன்

புகார் என்றதும் ஒருவர் 'ஊர்' என்ற நகரத்துக் களிமண் பலகையைப் பற்றி எழுதியிருந்தார். அருமை. ஊர் என்பது இன்றைய இராக்கில் இருக்கிற பழைய நகரம். ஏறக்குறைய 3,750 வருடத்துக்கு முந்தைய பலகை அது, இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதிய புகார்.

நான் வாசித்த மொழிபெயர்ப்பில் என்னைப் பிடித்து நிறுத்தியது செம்பு மட்டமாக இருந்தது என்பது இல்லை. பணம் வாங்கப் போன ஆட்களை அவமதித்து, பகைவர் நாட்டு வழியாக வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டாய், என்னை யார் என்று நினைத்தாய் என்று கேட்கிறார் நன்னி. இனிமேல் செம்பை என் முற்றத்தில் வைத்து நானே பார்த்துப் பொறுக்கித்தான் எடுப்பேன் என்றும் சொல்கிறார். மட்டமான சரக்கு ஒரு பக்கம், மதிக்காதது இன்னொரு பக்கம். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட ஆளுக்கு அது நன்றாகவே புரிகிறது.

3 ஜூலை

1,849 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. கூடவே ஒரு மின்னஞ்சல்: "பொருளைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. உங்கள் புகார் முடிக்கப்பட்டது."

ஜெயித்துவிட்டீர்கள் என்று நான்கைந்து பேர் வாழ்த்தியிருக்கிறீர்கள். 1915 வேலை செய்கிறது, அதை எல்லோரிடமும் சொல்லுங்கள். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை, உண்மையைச் சொல்கிறேன். திருப்பி அனுப்பத் தேவையில்லை என்றால் அந்த என்ஜினை யாரும் பார்க்கப்போவதில்லை. இதே கோளாறோடு இன்னும் எத்தனை என்ஜின் எத்தனை பிறந்தநாளுக்குப் போயிருக்கும்? குறையைத் தெரிந்துகொள்வதைவிடப் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவது அவர்களுக்கு மலிவாக இருக்கிறது.

5 ஜூலை

திருகாணியைக் கழற்றப் பார்த்தேன். அதன் தலை மூன்று மூலை வடிவில் இருக்கிறது, வீட்டில் இருக்கிற எந்தத் திருப்புளியும் பொருந்தவில்லை. மிக்ஸி, பேன் பழுது பார்க்கிற அண்ணாச்சி கடைக்கு எடுத்துப் போனோம், மகளும் வந்தாள். அவர் திறந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒரு நிமிடம் பார்த்தார். "மோட்டாருக்குப் போற வயர் விட்டுருக்கு. பத்தவைக்கும்போது சரியா ஒட்டல. வேற ஒண்ணுமில்ல." ஒரு சொட்டு ஈயம். முப்பது ரூபாய்.

ஓடுகிறது.

அண்ணாச்சி மூடியைப் பூட்டப் போனபோது மகள் தடுத்தாள். உள்ளே பல்சக்கரம் சுற்றுவது தெரிய வேண்டுமாம். மூடி இல்லாமலே வீட்டுக்கு வந்தது, மூடி இல்லாமலே வட்டம் சுற்றுகிறது.

6 ஜூலை

பணமும் வந்தது, ரயிலும் ஓடுகிறது, இது நியாயமா என்று ஒருவர் கேட்டார். நேற்று இரவே அவர்களுக்கு எழுதிவிட்டேன். கோளாறு இந்த இடத்தில் இருந்தது, படம் இணைத்திருக்கிறேன், மற்ற என்ஜின்களிலும் பாருங்கள், பணத்தை எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள் என்று. பதில் இரண்டு நிமிடத்தில் வந்தது: சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. மறுபடியும் எழுதியிருக்கிறேன். கேட்டால் அன்றைக்கே அனுப்புவேன்.

10 ஜூலை

நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாக் கடைகள் இன்னும் இருக்கின்றன. தகரப் படகு கிடைக்குமா என்று தேடிப் போனோம். மூன்றாவது கடையில் கிடைத்தது, 80 ரூபாய். வாளியில் விட்டோம், விளக்கேற்றினோம், இரண்டு டப் சத்தம், அவ்வளவுதான். குழாய் சேருகிற இடத்தில் கசிகிறது.

"கடைக்கார மாமாகிட்டயே கேப்போம்ப்பா" என்றாள் மகள். எனக்குத் தயக்கம்தான், முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய அனுபவம். போனோம். கடைக்காரர் பில் கேட்கவில்லை, வீடியோ கேட்கவில்லை. படகை வாங்கிக் குழாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டே தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழி வந்தது. மகளுக்கும் காட்டினார். அடுத்து நான்கு படகை அதே மாதிரி ஊதிப் பார்த்து, குமிழி வராத ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

முதல் வாசகருக்கு இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். நீங்கள் கேட்டதையும் அவரிடமே கேட்டேன்: "நாளைக்குக் கடையைப் பிரிச்சுருவீங்க. அதுக்கப்புறம் ஒழுகினா நாங்க எங்க வர?"

"ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில்ல இருப்போம்" என்றார். "கொண்டு வாங்க. சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும்."